கிரேன்காரர் பார்த்த கை

வெள்ளைக்காரன் காலத்தில், இராஜபாளையம் ஸ்டேஷனில் மில் பாய்லரை இறக்க நீராவிக் கிரேனோடு வந்தவர் அவர். ஒட்டிய கன்னம், கரி படிந்த தலைப்பாகை. எதைத் தூக்கினாலும் முதலில் ஒரு சாண் உயர்த்தி நிறுத்தி, அடியில் குனிந்து பார்ப்பார்.

கயிறு பிடிக்கப் போன நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் இழுப்பவர்கள். பழக்கதோஷத்தில் ஆளாளுக்குக் கத்தினோம். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"தேருக்கு ஊரே கத்தலாம் வே. இதுக்கு ஒத்தக் கைச் சைகைதான். நீரு காட்டும்."

பாய்லர் எழும்பியதும் எங்களில் ஒருவர், தேர் கிளம்பிய நினைப்பில், அதன் அடியில் ஓடிப்போய்க் கும்பிட்டார். நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினேன். "இறக்கு, இறக்கு!" என்று மில் முதலாளியே பதறிக் கத்தினார். பாய்லர் அந்தரத்தில் அசையாமல் நின்றது. ஆளை வெளியே இழுத்தோம்.

"முதலாளி கத்துனது கேக்கலையா?" என்றேன் கிரேன்காரரிடம்.

"கேட்டுச்சு. உம்ம கை இறக்கச் சொல்லலையே."

இன்றும் தேர் வடம் பிடித்து ஊரோடு கத்தும்போது, என் வலது கையை ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.