இருட்டில் தெரியாத முன்குறி

1909 டிசம்பரில் ஒரு நாள் நண்பகல், சர்வே இலாகா அதிகாரி மஹாதேவன் கல்கத்தாவில் சௌரங்கி வீதியில் இருந்த ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனார். அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. மறுவாரம் சுந்தரவனத்துக்குக் கிளம்ப வேண்டும். அங்கே ஆற்றங்கரைகளை அளக்கப் போன கூட்டத்தில் இரண்டு பேரை அந்தப் பருவத்தில் மட்டும் புலி இழுத்துக்கொண்டு போயிருந்தது. கூடாரத்தில் குறிபார்த்துச் சுடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். இமயமலை அடிவாரத்துத் தராய்க் காடுகளில் வேலை பார்த்த காலத்தில் பழகியது. காளிகாட்டில் இருந்த வீட்டில் அவர் மனைவி அனந்தலக்ஷ்மி அவருடைய ரைஃபிளை வாசல் அறையைத் தாண்டி உள்ளே வர விட்டதில்லை.

ரைஃபிளின் முன்குறி, அதாவது குழலின் நுனியில் நிற்கும் சிறு முள், படகில் இடிபட்டு உடைந்துவிட்டது. புதிதாக ஒன்று பொருத்த வேண்டும்.

கடையில் இருந்த திருவேங்கடம் மதராஸிலிருந்து வந்தவர். பத்து வருஷமாக அதே வேலை. அவர் இரண்டு முன்குறிகளை எடுத்து வைத்தார். ஒன்று ஊசி மாதிரி மெல்லிய கறுப்பு எஃகு. இன்னொன்று தந்தத்தில் செய்த வெள்ளை மணி, கடுகைவிடக் கொஞ்சம் பெரியது.

மஹாதேவன் கறுப்பு முள்ளை வைத்து, வெயில் கொட்டிக்கொண்டிருந்த மைதானத்தைப் பார்த்துக் குறிபிடித்தார். முள் தெளிவாகத் தெரிந்தது.

“வெயிலில எல்லாமே தெரியும் சாமி,” என்றார் திருவேங்கடம். “சுந்தரவனம்னு சொல்றீங்க. அங்க மரத்தடியில பகல்லயே வெளிச்சம் இருக்காது. அதோ, உள்ள இருட்டா இருக்கே, அந்தக் கிடங்கு மூலையைப் பார்த்துப் பிடிங்க.”

மஹாதேவன் திரும்பிக் குறிபிடித்தார். முள் இருந்த இடமே தெரியவில்லை. குழலும் இருட்டும் ஒன்றாகக் குழைந்து போயிருந்தன. தந்த மணியை வைத்துப் பார்த்தார். அது மங்கலாக, ஆனால் வெள்ளையாக, நடுவில் நின்றது.

“வயசானவங்க இதைத்தான் எடுப்பாங்க. கண்ணுக்குச் சுகம்.”

பக்கத்தில் ஸ்ரீனிவாசராகவன் நின்றுகொண்டிருந்தான். இலாகாவில் அவருக்கு அடுத்த படியில் இருந்தவன், முப்பது வயது. கண் போய்விட்டது என்ற பேச்சு ஆபீஸில் கிளம்பினால் டாக்டர் சோதனை, அதோடு வேலையிலிருந்து விலக்கு. அவர் இடத்துக்கு அவன் வருவான்.

“கறுப்பே நன்னா தெரியறது. அதையே போடுங்கோ,” என்றார் மஹாதேவன்.

திருவேங்கடம் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார். “இன்னொரு தரம் மூலையைப் பார்த்துட்டுச் சொல்லுங்க சாமி.”

“தெரியறதுன்னா தெரியறது!”

ஜனவரி மூன்றாம் வாரம், சாயங்காலம் நாலு மணி. சுந்தரவனத்து ஓடைக்கரையில் அளவுச் சங்கிலி பிடித்து அளந்துகொண்டிருந்த நிபாரண் மண்டல், கையை உயர்த்தி அசையாமல் நின்றான். அவனுக்கு இருபதடிக்கு அப்பால், புதருக்குள் புலி. அவனுக்குப் பின்னால் நின்ற மஹாதேவன் ரைஃபிளைத் தூக்கினார். புலியின் தோள் தெரிந்தது. முள் தெரியவில்லை. குழலை மேலும் கீழும் அசைத்துத் தேடினார். நிபாரண் திரும்பவில்லை; அவர் சுடுவார் என்று நம்பி நின்றான். கடைசியில் உத்தேசமாகச் சுட்டார். குண்டு புலியின் பின்னங்காலில் பட்டது. அடிபட்ட புலி நிபாரண் மேல் பாய்ந்தது. மற்றவர்கள் தகரத்தைத் தட்டிக் கூச்சலிட்டு அதை விரட்டினார்கள். படகில் ஏற்றுவதற்குள் அவன் உயிர் போய்விட்டது.

கல்கத்தாவுக்குத் திரும்பியதும் விசாரணை. அதற்கு முன்பே மஹாதேவன் ஒரு காரியம் செய்திருந்தார். முன்குறியைச் சின்னச் சுத்தியலால் தட்டித் தளர்த்தி வைத்தார். அத்தனை கிட்டத்தில் குறி எப்படித் தவறியது என்று மேலதிகாரி கேட்டபோது, “முன்குறி ஆடுகிறது. கடையில் சரியாகப் பொருத்தவில்லை” என்றார். மேலதிகாரி விரலால் அசைத்துப் பார்த்தார். ஆடியது. எழுதிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து ஸ்ரீனிவாசராகவன் சொன்னான்: “அந்தக் கடையில இருந்தாரே நம்மூர்க்காரர், அவரை நிறுத்திட்டாளாம் சார். நம்ம ஆபீஸ்லேர்ந்து கடுதாசி போயிருக்கு.”

மஹாதேவன் அன்று வீட்டில் சாப்பிடவில்லை. அனந்தலக்ஷ்மி விடாமல் கேட்கவே, எல்லாவற்றையும் சொன்னார்.

“பஞ்சாங்கத்தைக்கூடக் கையை நீட்டிப் பிடிச்சுண்டு பார்க்கறேள். எனக்குத் தெரியும். ஆனா காட்டுல ஒருத்தன் உங்களை நம்பி நிப்பான்னு தோணலியே எனக்கு,” என்றாள். பிறகு, “ஆபீஸ்ல போய் உண்மையைச் சொல்லிடுங்கோன்னா” என்றாள்.

“சொன்னா வேலை போயிடும்.”

“அந்த மனுஷனுக்குப் போயாச்சே.”

மறுநாள் எழுதிக் கொடுத்தார். இலாகா அவரை டாக்டரிடம் அனுப்பி, கண்பார்வை குறைவு என்று எழுதி வாங்கி, வீட்டுக்கு அனுப்பியது. சுத்தியல் விஷயத்தை மேலதிகாரி வெளியில் விடவில்லை. இலாகாவுக்கு அவமானம் என்றார். கடையில் திருவேங்கடத்தின் இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது. நிபாரணின் தம்பிக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை.

விசாரித்து விசாரித்து, ஆற்றுக்கு அக்கரையில் ஹவுராவில் ஒரு சின்னப் பட்டறையில் திருவேங்கடம் இருப்பது தெரிந்தது. மஹாதேவன் படகேறிப் போனார். பூட்டுகளுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்த திருவேங்கடம் நிமிர்ந்து பார்த்தார். எழுந்திருக்கவில்லை. மஹாதேவன் நின்றபடியே, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

“அன்னிக்கே தெரியும் சாமி,” என்றார் திருவேங்கடம். “மூலையைப் பார்த்தப்ப உங்க குழல் நிலையில்லாம அலைஞ்சுது. முள்ளைத் தேடறீங்கன்னு புரிஞ்சுபோச்சு. கூட இருந்த பிள்ளை முன்னாடி சொல்ல வேணாமேன்னு விட்டேன். சொல்லியிருக்கணும்.”

“தப்பு என் மேலதான்.”

“ஆமா, உங்க மேலதான். நான் சொல்லியிருந்தா அந்த ஆள் இருந்திருப்பான். அவ்வளவுதான் நான் சொல்றது.”

அவர் மறுபடி அரத்தை எடுத்தார். மஹாதேவன் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை. பிறகு படகுத்துறைக்குத் திரும்பி நடந்தார். அதற்கப்புறம் அவர்கள் இருவரும் சந்திக்கவில்லை.