நான் கழற்றச் சொன்ன ஹெல்மெட்

ஒரு விபத்து அறிக்கையில் நான் பொய் எழுதினேன். ‘சவாரி செய்தவர் தாமாகவே ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார்’ என்பது அந்தப் பொய். கழற்றச் சொன்னவன் நான்.

ரயில்வேயில் ஓய்வு பெற்றபின், மைசூரில் ஒரு சிறிய குதிரைச் சவாரி சங்கத்துக்குச் செயலாளராக இருந்தேன். எனக்குச் சவாரி தெரியாது. கடிதம் எழுதத் தெரியும் என்பதால் அந்தப் பதவியைக் கொடுத்தார்கள். தசராவை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை உறுப்பினர்கள் எட்டுப் பேர் எங்கள் மைதானத்தில் அணிவகுப்பார்கள். எட்டுத் தலையிலும் பட்டும் ஜரிகையுமாக மைசூர் பேட்டா என்ற தலைப்பாகை இருந்தாக வேண்டும். நல்ல தலைப்பாகையைத் தலையிலேயே சுற்றிக் கட்டுவார்கள். நாங்கள் வாங்கியது கடையில் தயாராகத் தொங்குவது. உள்ளே அட்டை, எல்லாத் தலைக்கும் ஒரே அளவு. அத்தனை துணி இருக்கிறதே, விழுந்தாலும் மெத்தை மாதிரி தாங்கும் என்று படித்தவர்களே சொல்வார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன்.

அந்த வருடம் எட்டாவது ஆள் ஒரு நர்ஸ். கொள்ளேகால் பக்கத்துத் தமிழ்ப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். அவருக்குப் பேட்டா பெரிதாக இருந்தது.

“ஏனுங்க சார், நான் ஹெல்மெட்டோடயே வந்துக்கறனே. கடைசியில வேணாலும் வர்றேனுங்க.”

“போட்டோவுல ஏழு ராஜா, ஒரு பைக் மெக்கானிக்னு இருக்கும்மா” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கழற்றினார்.

பேண்டு வாத்தியம் ஆரம்பித்ததும் குதிரை மிரண்டது. முதலில் பேட்டா பறந்தது. பிறகு அவர் வேலிக் கல்லில் தலைபட விழுந்தார். பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். உயிர் பிழைத்தார், ஆனால் தலைசுற்றல் நிற்கவில்லை. வார்டு வேலை போய், பதிவேடு எழுதும் மேசையில் உட்காரவைத்தார்கள்.

என் அறிக்கையின் நகல் அவர் வீட்டுக்கும் போனது. தலைமையாசிரியராக வேலை பார்க்கும் கணவர் அதை நம்பினார். ரிட்டயர்ட் ஆபீசர் பொய் எழுதுவாரா? அந்தப் பெண் எனக்கு இரண்டு முறை போன் செய்தார். நான் எடுக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து ரத்தப் பரிசோதனைக்குப் போன இடத்தில் அவரைப் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். என்னைத் திட்டவில்லை. “சுகர் பாக்கவா சார்?” என்று கேட்டு, சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் நடந்ததை ஒப்புக்கொண்டு இரண்டு கோரிக்கை வைத்தேன்: அறிக்கையைத் திருத்த வேண்டும், குதிரை ஏறும் எவரும் ஹெல்மெட் போட வேண்டும். அதற்குப் பிறகு கேட்ட பேச்சுக்கு என் ரத்த அழுத்தம்தான் சாட்சி.

“அந்தக் காலத்துக் குதிரைப்படையில யாரு சார் ஹெல்மெட் போட்டாங்க?” என்றார் ஒருவர்.

“போர்ல செத்தவங்களைக் கேட்டாத்தான் தெரியும்” என்றேன்.

“வெயில்ல தலை வெந்துரும்” என்றார் இன்னொருவர். ஒரு காண்டிராக்டர், ஸ்கூட்டரில் போட்டு வந்த ஹெல்மெட்டை மேசைமேல் வைத்து, அதையே தட்டித் தட்டி எதிர்த்துப் பேசினார்.

“பத்து நிமிஷத் தூரம் வர்றதுக்கு இதைப் போட்டிருக்கீங்களே?” என்றேன்.

“அது போலீஸ் பிடிப்பான் சார். குதிரையை எந்தப் போலீஸ் பிடிப்பான்?”

இரண்டு மணி நேரம் கழித்து ஹெல்மெட் கட்டாயம் என்று தீர்மானம் வந்தது. கீழே ஒரு வரி: ‘தசரா அணிவகுப்பு நீங்கலாக.’ அந்தப் பெண் விழுந்த அதே நாளுக்கு மட்டும் விலக்கு! அறிக்கையைத் திருத்துவதற்கு, “பேட சார், வேணாம், பழசைக் கிளறாதீங்க” என்று தலைவர் கையை ஆட்டிவிட்டார்.

நானே உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்கு எடுத்துப் போனேன். கணவர் இரண்டு முறை படித்தார்.

“அப்போ இவ சொன்னது நெஜமா?”

“நிஜம்.”

“ரெண்டு வருஷம் சார். எடுத்ததுக்கெல்லாம் இவளைக் குத்திக் காட்டியிருக்கேன்.” கடிதத்தை மனைவியிடம் நீட்டினார்.

அவர் மனைவி கதவைப் பிடித்து நின்றபடியே கடிதத்தைப் படித்தார்.

“கழட்டச் சொன்னேன்னு மட்டும் எழுதியிருக்கீங்க. எல்லாரு முன்னாலயும் கேலி பண்ணிச் சிரிக்க வெச்சீங்க. அதனாலதான் கழட்டினேன். அதையும் எழுதுங்க சார்.”

அங்கேயே உட்கார்ந்து, மெக்கானிக் பேச்சு உட்பட, மறுபடி எழுதினேன். அந்தப் பெண் அதை ஏழு நகல் எடுத்து, அன்று கூடச் சவாரி செய்த ஏழு பேருக்கும் அனுப்பினார். என்னிடம் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை.

அந்தத் தசராவுக்கு நான்கு பேர் ஹெல்மெட் இல்லாமல் ஏற மாட்டோம் என்றார்கள். மீதிப் பேரை வைத்து அணிவகுப்பு நடத்த முடியாது என்று கமிட்டி அதை ரத்து செய்தது. விலக்கு தரும் அந்த ஒற்றை வரியை மட்டும் இன்னும் நீக்கவில்லை. சங்கத்தில் இப்போது என்னோடு யாரும் பேசுவதில்லை. கணவர் எப்போதாவது போன் செய்வார். மனைவிக்குத் தலைசுற்றல் அப்படியேதான் இருக்கிறதாம்.