அடுப்ப அணைச்சிட்டியா

சூரியநெல்லிக்கு மேலே, ஜீப்புகள் முனகிக்கொண்டு ஏறும் ஒரு வளைவு இருக்கிறது. துணிக்கூரை போட்ட சுற்றுலா ஜீப் ஒன்று அதில் திரும்புகிறது. உள்ளே ஒரு பயணியின் கைப்பேசியிலிருந்து கரகரத்த ஆண்குரல் வருகிறது: "அந்தா தெரியுது பாருங்க, அதான் ஆனையிறங்கல் அணை. ஏ பிள்ள, அடுப்ப அணைச்சிட்டியா?" ஜீப்புக்குள் ஒரே சிரிப்பு. சாலையோரத்தில் தேயிலைக் கொழுந்துச் சாக்கோடு ஒதுங்கி நிற்கும் என் அத்தை சிரிக்கவில்லை. வண்டியைப் பார்த்து, "அணைச்சாச்சு, போயிட்டு வாங்க" என்கிறாள். ஜீப் மேலே போய் மஞ்சில் மறைகிறது. அந்தக் குரல் என் மாமாவுடையது, அத்தையின் கணவருடையது. அன்றைக்கு அவர் இறந்து ஓராண்டு தாண்டியிருந்தது. பக்கத்தில் நான் நின்றிருந்தேன். அத்தை ஒன்றும் நடக்காதவள் போலச் சாக்கைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

மாமா அந்த மலையில் ஜீப் ஓட்டியவர். எஸ்டேட்டின் வரிசை வீடுகளை நாங்கள் லயம் என்போம். ஒரே லயத்தில் அத்தை வீடும் எங்கள் வீடும் அடுத்தடுத்து இருந்தன, நடுவில் ஒரு சுவர்தான். ஆகவே அவர் இருமினாலும் எங்களுக்குக் கேட்கும், எங்கள் வீட்டுச் சண்டை அவருக்கும் கேட்கும். அவருடைய சிறுவயதில் எரியவிட்டுப் போன ஓர் அடுப்பினால் ஒரு லயமே பற்றி எரிந்ததாம். அதிலிருந்து அவருக்கு அடுப்புப் பைத்தியம். அத்தையை எங்கே பார்த்தாலும் முதல் கேள்வி அதுதான். மாரியம்மன் கோயில் கொடையில், தீபாராதனை நடக்கும்போது, கன்னத்தில் போட்டுக்கொண்டே பக்கத்தில் சாய்ந்து கேட்டிருக்கிறார். "சாமி முன்னாடியாவது சும்மா இருங்களேன்" என்று அத்தை பல்லைக் கடிப்பாள். ஆனால் பதில் சொல்லாமல் விடமாட்டாள்.

அந்தப் பதிலுக்கும் ஒரு முறை உண்டு. வெளியே கிளம்புகிறவர்களைப் பார்த்து 'போங்க' என்று சொல்வது எங்கள் வீடுகளில் வழக்கமில்லை. 'போயிட்டு வாங்க' என்றுதான் சொல்லவேண்டும். மலையில் வண்டி ஓட்டுகிறவர் வீட்டில் இது இன்னும் கடுமை. சின்ன வயதில் ஒருநாள் விளையாட்டு மும்முரத்தில் நான், "சரி மாமா, போங்க" என்று சொல்லிவிட்டேன். அத்தை ஓடிவந்து என் வாயிலேயே ஒன்று போட்டாள். கிளம்பிய மனுஷனைத் திரும்பக் கூப்பிட்டு, உட்காரவைத்து, தண்ணீர் குடிக்கவைத்து, புதிதாகக் கிளம்பச் சொன்னாள். மாமா சிரித்துக்கொண்டே குடித்தார். "ஏட்டி, இப்பச் சொல்லு பாப்பம்" என்றார். நான் அழுதுகொண்டே "போயிட்டு வாங்க மாமா" என்றேன்.

புதுச் சாமான்கள்மேல் மாமாவுக்குத் தீராத கோபம் ஒன்று இருந்தது. நான் கொச்சிக்குப் போய் இணையதளம் கட்டும் வேலையில் சேர்ந்தபிறகு, அந்தக் கோபமெல்லாம் என் தலையில்தான் விடியும். கைப்பேசியின் முதுகைத் திறக்கமுடியாமல் செய்தது ஏதோ நானே செய்த சதி என்பதுபோலப் பேசுவார். "என் ஜீப்பு பானெட்ட நான் தொறக்கேன். கெட்டுப் போனா நானே பாக்கேன். இந்தச் சனியனத் தொறந்தா வாரண்டி போயிருமாம்லா! அப்ப இது என் சாமானா, அவன் சாமானா?" என்று கேட்பார். காசு கொடுத்து வாங்கிய பாட்டு ஒன்று, கைப்பேசிக் கணக்கை மாற்றியதும் காணாமல் போனது. அதற்கு அவர் போட்ட சண்டை லயம் முழுக்கக் கேட்டது. "பூட்டு போடட்டும், வேண்டாங்கல. சாவி நம்ம கையில இருக்கணும்லா" என்பார். அப்போது நான் உரிமம், பாதுகாப்பு என்று ஏதேதோ விளக்கம் சொல்வேன். இப்போது யோசித்தால், என் துறையில் நடக்கும் அத்தனை விவாதத்தையும் அவர் அந்த ஒரு வரியில் முடித்துவிட்டார் என்றே தோன்றுகிறது.

அப்படிப்பட்டவர்தான் ஒரு செயலிக்குக் குரல் கொடுத்தார். வெளியூர் நிறுவனம் ஒன்று, மலைக்கு வரும் பயணிகளுக்கு வழிகாட்டிச் செயலி தயாரித்தது. ஜீப் எந்த இடத்துக்கு வருகிறதோ அந்த இடத்தைப் பற்றிக் கைப்பேசி தானே பேசும். தமிழுக்கு மாமாவைப் பிடித்தார்கள். சட்டைக் காலரில் ஒரு மைக்கைக் குத்திவிட்டு, எப்போதும் போல ஓட்டிக்கொண்டே பேசச் சொன்னார்கள். வளைவில் வந்து, அணையைக் காட்டி முடித்த நேரம், எதிரே அத்தை கொழுந்தெடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். பழக்கதோஷம், மைக்கை மறந்து கேட்டுவிட்டார். அந்தப் பதிவைத் தொகுத்தவருக்குத் தமிழ் தெரியாது. பேச்சை எழுத்தாக்கும் ஒரு கருவியை நம்பி அவர் வேலை செய்திருக்கிறார். அந்தக் கருவிக்கு நெருப்பை அணைப்பதும் தெரியவில்லை, நீரைத் தேக்கும் அணையும் தெரியவில்லை. இரண்டு வாக்கியத்திலும் 'அணை' வந்ததால் இரண்டும் அணைக்கட்டைப் பற்றியவை என்று முடிவுகட்டிவிட்டது. இப்படித்தான் மாமாவின் அடுப்புக் கேள்வி ஆனையிறங்கல் அணையின் வர்ணனைக்குள் போய்ச் சேர்ந்தது. கேட்ட டிரைவர்களெல்லாம் அவரை ஓட்டித் தள்ளினார்கள். அவருக்கும் உள்ளூரப் பெருமைதான்.

பிறகு ஒரு மழைக்காலக் காலையில், ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அத்தை மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தாள். ஆள் போய்ச் சொல்லி அவள் இறங்கி வருவதற்குள் அடிமாலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவள் அங்கே போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்று காலை இருவரும் என்ன பேசினார்கள் என்று அவளுக்கே நினைவில்லை. கிளம்பும்போது ஒரு வார்த்தை சொன்னேனா, சொல்லலையா என்று காரியம் முடியும்வரை புலம்பிக்கொண்டே இருந்தாள்.

ஆனால் அந்தச் செயலிக்கு மாமா இறந்தது தெரியாது. சீசன் தொடங்கியதும் ஒவ்வொரு ஜீப்பிலும் அவர் மலையேறினார். அத்தை வேலைக்குப் போகும் நேரத்தைக்கூட ஜீப்புகள் ஏறும் நேரத்துக்கு மாற்றிக்கொண்டாள் என்று அம்மா ஒருநாள் போனில் சொன்னாள். "அவளக் கொஞ்சம் என்னன்னு கேளு. ஊரு ஒரு மாதிரிப் பேசுது" என்றாள். அதைப் பார்க்கத்தான் நான் போய் அந்த வளைவில் நின்றேன்.

கொச்சிக்குத் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, அந்தச் செயலியின் இணையப் பக்கத்தைத் திறந்ததுதான். குரல் அந்தந்த இடத்தில் மட்டுமே ஒலிக்கும். நாம் எங்கே இருக்கிறோம் என்பதை அது உலாவியிடம்தான் கேட்கிறது. எங்களைப் போன்றவர்கள் சோதனைக்காக வைத்திருக்கும் கருவிப் பலகையில், உலாவியைப் பொய் சொல்லவைக்க ஒரு பெட்டி இருக்கிறது. அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் அதில் தட்டினால் போதும், கொச்சியில் நாற்காலியில் இருந்தபடி உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். எத்தனையோ கடைகளின் தளத்துக்காக எத்தனையோ ஊர்களில் நான் இப்படி நின்றிருக்கிறேன். அன்று வளைவின் எண்களைத் தட்டினேன். மதிய வெயிலில், மின்விசிறிக்குக் கீழே, மாமா பேசினார். "ஏ பிள்ள, அடுப்ப அணைச்சிட்டியா?" சட்டென்று மடிக்கணினியை மூடிவிட்டேன். பயந்துதான் மூடினேன். செத்தவரை விலாசம் சொல்லிக் கூப்பிட்டுவிட்டதுபோல இருந்தது.

மறுபடி திறந்து, அந்த ஒலியைக் கோப்பாக எடுத்துவிட முயன்றேன். முடியவில்லை. துண்டு துண்டாக, பூட்டப்பட்டு வருகிறது. ஒலிக்கும் நேரத்துக்கு மட்டும் ஒரு சாவி வந்து, உடனே போய்விடுகிறது. நல்ல வேலைப்பாடுதான். என்னைச் செய்யச் சொல்லியிருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். நிறுவனத்துக்கு எழுதினேன். அனுதாபம் தெரிவித்தார்கள். குரலின் உரிமை முழுவதும் தங்களுடையது என்றும் தெரிவித்தார்கள். போதாததற்கு, விரைவில் எல்லா மொழிக்கும் கணினியே உண்டாக்கிய 'தெளிவான குரல்' வரப்போகிறது, பழைய பதிவுகள் நீக்கப்படும் என்று ஒரு நற்செய்தியும் இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ஒரு மனுஷனின் தொண்டைக்குப் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள், அவன் செத்தபிறகும் வேலை வாங்குகிறார்கள், பிறகு தெளிவில்லை என்று கழற்றிப் போடுகிறார்கள். இதற்குப் பெயர் மேம்பாடாம்.

கடைசியில் நான் செய்தது சின்னக் குழந்தைக்கும் தெரிந்த வேலை. மடிக்கணினியைப் பேசவிட்டு, பக்கத்தில் கைப்பேசியை வைத்துப் பதிவுசெய்துகொண்டேன். யாரோ ஒருவர் காதால் கேட்டாகவேண்டும் என்றிருக்கும்வரை எந்தப் பூட்டும் முழுப் பூட்டு இல்லை. பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தமும் சேர்ந்து விழுந்திருந்தது. இருந்தாலும் மாமா இருந்தார். ஜெயித்துவிட்ட தெம்போடு மலையேறினேன்.

அத்தை அதை ஒருமுறை கேட்டாள். கைப்பேசியை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"இனி ரோட்டுல போயி நிக்க வேண்டாம் அத்தை. வீட்டுலயே கேக்கலாம்" என்றேன்.

"கூறுகெட்டவளே, வீட்டுக்குள்ள இருக்கவகிட்ட அடுப்ப அணைச்சியான்னு யாரு கேப்பா? அந்தா அடுப்பு எதுத்தாப்புலதான இருக்கு! வெளிய கெளம்பினவகிட்டதான் கேப்பாவ."

அத்தை முந்தானையைச் சுருட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "அன்னைக்கு அவுக கேட்டதும் நான் பதில் சொன்னேன். சத்தமாத்தான் சொன்னேன். அத வெட்டிப்புட்டானுவ. அவுக கேட்டதுமட்டும் நிக்கி. பதில் இல்லாம அந்த வளைவுலேயே நிக்காவ. ஒவ்வொரு வண்டியிலயும் கேக்காவ. நான் போகாட்டி யாரு சொல்லுவா?"

அதுவரை அவள் மாமாவைக் கேட்கப் போகிறாள் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அவள் போனது பதில் சொல்ல. குரல் மாறப்போகிற செய்தியை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வந்திருந்தேன். இப்போது மறைக்கமுடியவில்லை, சொல்லிவிட்டேன். அத்தை அழுவாள் என்று பார்த்தேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்: "அப்ப அவுகள அந்த எடத்துலேருந்து எடுத்துருவானுவளா?" ஆமாம் என்றேன். எழுந்துபோய் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள்.

மறுநாள் காலை என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். வீட்டைப் பூட்டும் முன் உள்ளே போய், விறகை இழுத்து, தண்ணீர் தெளித்துவிட்டு வந்தாள். நல்ல மஞ்சு. வளைவுக்குக் கீழே ஆனையிறங்கல் நீர் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. ஜீப் வரும் சத்தம் கேட்டது. அத்தை சாக்கைக் கீழே வைத்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துச் சரிசெய்துகொண்டு நேராக நின்றாள். வண்டி திரும்பியது. அணையைப் பாருங்க என்றார் மாமா. அடுப்பைக் கேட்டார். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"அணைச்சாச்சு" என்றாள் அத்தை. வண்டி எங்களைத் தாண்டும்போது, "போங்க" என்றாள்.

அடுத்த வார்த்தைக்காக நான் காத்திருந்தேன். அது வரவில்லை. அந்த ஒற்றைச் சொல்லுக்காக என் வாயில் அடித்தவள் அவள். சாக்கை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் மேட்டில் ஏறினாள்.

இப்போது அங்கே புதுக் குரல் வந்துவிட்டது. போனமுறை ஊருக்குப் போனபோது அத்தையோடு அந்த வளைவில் நடந்தேன். ஒரு ஜீப் எங்களைத் தாண்டியது. வானொலிச் செய்தி வாசிப்பதுபோல ஒரு பெண்குரல் அணையைப் பற்றிச் சுத்தமான தமிழில் சொல்லிக்கொண்டு போனது. யாரும் சிரிக்கவில்லை. அத்தை ஒதுங்கி வழிவிட்டாள், நிமிர்ந்தும் பார்க்கவில்லை. வண்டி போனபிறகு என் கைப்பேசியைக் கண்ணால் காட்டி, "அதுல ஒண்ணு வச்சிருக்கல்லா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நான் என் எடத்துல சொல்லிட்டேன். அதுக்குள்ள நிக்கவுகளுக்கு நீதான் சொல்லணும்" என்றாள்.

என்னிடமுள்ள பிரதிக்குப் பூட்டு இல்லை. சாவி முழுக்க என் கையில், மாமா கேட்டதுபோலவே. கைப்பேசியில் இருக்கிறது, மடிக்கணினியில் இருக்கிறது, தொலைந்துவிடக்கூடாது என்று தனியாக ஒரு குறுந்தகட்டிலும் போட்டு வைத்திருக்கிறேன். அத்தனை இடத்திலும் அவர் பதில் இல்லாமல் நிற்கிறார். கொச்சி வீட்டில் வேலைக்குக் கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டு, வாசலுக்கு வெளியே நின்று அதை ஒலிக்கவிடுகிறேன். மாமா கேட்கிறார், மிக்ஸி ஓடுகிறது. இன்று 'போங்க' என்று சொல்லிவிடவேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் வாயைத் திறக்கிறேன்.

"அணைச்சாச்சு மாமா. போயிட்டு வாங்க."