கல்லறைக்குப் புல் கொண்டுபோன வழி

அம்மாவின் கல்லறை மண் மழையில் கரைகிறது என்று கோலா சிலாங்கூர் மாதா கோயில் உபதேசியார் சொல்லி அனுப்பியிருந்தார். அம்மா அங்கே ஆஸ்பத்திரியில் இறந்ததால் அடக்கமும் அங்கேதான். கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள் அத்தையும் நானும் கிளம்பினோம். பள்ளியை விட்டபின் நான் துரை பங்களாவில் களை பிடுங்குகிறேன். அங்கே படரும் அகல இலைப் புல் மண்ணை விடாமல் பிடிக்கும். அதன் கதிர்களை உருவி இரண்டு கை விதை சேர்த்திருந்தேன்.

எங்கள் ரப்பர் தோட்டத்துக் கம்பிவேலிக் கதவு காலை ஆறுக்குத் திறக்கும். இந்த அவசர காலத்தில் அரிசி, தானியம் எதுவும் வெளியே போகக்கூடாது, காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் என் முடிச்சை அவிழ்த்தார்.

"என்னாம்மா இது, சாமையா?"

"புல்லு வெத தம்பி. மாடுகூட மோந்து பாத்துட்டுப் போயிரும்," என்றார் அத்தை.

"திங்கலாமா, கூடாதா? அதச் சொல்லுங்க."

கேட்டது அத்தையை, பார்த்தது என்னை. வெளியாரிடம் எனக்குப் பேச்சே வராது. ஆனால் ஜப்பான்காரன் காலத்தில் அம்மா இதைக் குத்திக் கஞ்சி காய்ச்சினார். அதைக் குடித்தவள் நான்.

"திங்கலாம்," என்றேன். அத்தை என் முழங்கையைக் கிள்ளினார்.

"அப்ப விட முடியாது. வேகவெச்சு எடுத்துட்டுப் போங்க, ஊசிப்போறத யாரும் கடத்த மாட்டாங்க."

"வேகவெச்சா மொளைக்குமாய்யா?" என்றார் அத்தை.

விதையை அங்கேயே விட்டோம். எட்டு மணி பஸ்ஸுக்கு மூன்று மைல் நடக்க வேண்டும். காவல் கொட்டகையைச் சுற்றி அதே புல் படர்ந்திருந்தது. "இதுல கொஞ்சம் பிடுங்கிக்கவா?" என்று அவரிடமே கேட்டேன்.

அவர் யோசித்தார். "புல்லுக்குத் தடை இல்லலா."

"இத மொதல்லயே கேட்டுத் தொலைக்கிறதுக்கென்ன?" என்றபடி அத்தையும் குனிந்து பிடுங்கினார்.

பஸ் கிடைத்தது. பதினைந்து மைல், ஆளுக்கு எழுபது காசு. கல்லறை மேடு பாதியாகியிருந்தது. சாணுக்கு ஒரு கொடியாக நட்டு முடிக்க மதியமானது.

உங்களுக்கும் இப்படி ஒரு வேலை இருந்தால் விதை வேண்டாம். மூன்று கணுவுள்ள கொடிகளாக ஈரச் சாக்கில் சுற்றிக்கொள்ளுங்கள். அடையாள அட்டை கையிலேயே இருக்கட்டும். கதவு மாலை ஆறுக்கு மூடிவிடும், இரண்டு மணி பஸ்ஸை விடாதீர்கள்.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது.

"நீ வாய மூடிட்டு இருந்திருந்தா வெதையையே கொண்டுபோயிருக்கலாம்," என்றார் அத்தை.

"வெத மொளைக்கப் பத்து நாளாவும் அத்தை. மழை இன்னிக்கே வந்துருச்சே."

அத்தை தன் முந்தானையால் என் நகத்து மண்ணைத் துடைத்துவிட்டார்.