ஜபருல்லா வண்டியில் காற்று வரவில்லை என்றவர்களுக்கு

உத்தமபாளையம் ஜபருல்லா இறந்துவிட்டார். ஜெயமங்கலத்தில் ஒரு காருக்கு அடியில் படுத்துத் துரு பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குப் போன் வந்தது. மாதக்கணக்காகப் படுக்கையில் இருந்தவர்தான், எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வர எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விற்க வந்தவர் பதறிப்போய், "என்னண்ணே, ரொம்ப அரிச்சிருச்சா?" என்றார். "வண்டிக்கு ஒண்ணுமில்ல. மனுசன்தான் போயிட்டாரு" என்றேன்.

பழைய கார் வாங்கி விற்கும் நம் சங்கத்து மலரில் அவரைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். இரங்கல் கூட்டத்தில் பேசிய மாதிரி இனிப்பாக இருக்காது. வெட்டாமல் போடுங்கள்.

தேனியில் நான், பாளையத்தில் அவர். இருவரும் கார் கழுவி மேலே வந்தவர்கள். 'மாப்ள' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். ஒருமுறை இருவரும் பங்கு போட்டு வாங்கிய வண்டியைப் பார்க்க ராயப்பன்பட்டி வாத்தியார் ஒருவர் வந்தார். ஓட்டிப் பார்த்தார், பிடித்துவிட்டது, முன்பணத்துக்குப் பையில் கையை விட்டார். ஜபருல்லா குறுக்கே புகுந்து, "சார், காலையில ரெண்டாவது கியர் மக்கர் பண்ணும். அதையும் கேட்டுட்டுப் பணத்தை எடுங்க" என்றார். வாத்தியார் விலையைக் குறைத்துத்தான் வாங்கிப் போனார். எனக்கு வயிறு எரிந்தது.

"ஏன் மாப்ள, அவரா கேட்டாரு?"

"குறையை நாமளா சொன்னா அது விலையோட போயிரும். அவரு வீட்டுக்குப் போயிக் கண்டுபிடிச்சா நம்ம பேரோட போயிரும்."

பிற்பாடு அந்த வாத்தியார் தெருவே அவரிடம்தான் வண்டி வாங்கியது. எனக்கு இன்னும் கொஞ்சம் எரிந்தது.

நம் தொழிலில் ஒரு வித்தை உண்டு. வாங்கப் போகும் வண்டியில் ஏசியைப் போட்டு, காற்று வரும் துளைக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டி, முகத்தைச் சுளித்து, "கம்ப்ரசர் காலி" என்று பெருமூச்சு விடுவது. விற்கிறவன் அங்கேயே பாதி செத்துவிடுவான். ஜபருல்லாவுக்கு இதைக் கண்டால் ஆகாது. "குளிர் கம்மின்னா கேஸைப் பாரு, கம்ப்ரசரைப் பாரு. காத்தே கம்மின்னா காத்து வர்ற வழியப் பாரு. ரெண்டையும் ஒண்ணாக்குறவன் தெரியாதவன் இல்ல, தெரிஞ்சு செய்யிறவன்" என்பார்.

அவர் அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் அவர் மனைவி போன் செய்தார். "அண்ணே, பொண்ணு நர்சிங் காலேஜுக்குப் பணம் கட்டணும். அவுக வண்டியக் குடுத்துரலாம்னு இருக்கேன். உங்க சங்கத்து ஆளுக ரெண்டு பேரு வந்திருக்காக. ஏசி போச்சு, அறுபதாயிரம் கழிக்கணும்ங்கறாக. நான் வண்டிக்கிட்டப் போயிப் பாக்க முடியாதுல்ல?"

முடியாதுதான். அவர் இத்தாவில் இருக்கிறார். கணவரை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் முன் வராமல் வீட்டோடு இருக்கும் காலம் அது. நம் சங்கத்தில் இது தெரியாதவர் யாரும் கிடையாது.

போனேன். வீட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் வண்டி. பக்கத்தில் அந்த இருவர். இரங்கல் கூட்டத்தில் தொண்டை கம்மப் பேசியவர்கள். ஒருவர்மேல் அன்றைக்குப் போட்ட அதே வெள்ளைச் சட்டை.

"வாங்கண்ணே, நீங்களே கை வச்சுப் பாருங்க" என்றார் வெள்ளைச் சட்டை.

ஏசியை நாலில் வைத்தேன். உள்ளே விசிறி இரைகிறது, வெளியே எலி மூச்சு அளவுக்குத்தான் காற்று. ஆனால் வந்த அந்தக் கொஞ்சமும் சில்லென்று இருந்தது.

"குளிருதேப்பா. கம்ப்ரசர் வேலை செய்யுது."

"அப்ப மோட்டாரா இருக்கும்ணே. எதுவானாலும் செலவுதான?"

ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஏண்ணே, டேஷ்போர்டுப் பெட்டியக் கழட்டிப் பாத்தாகளா? அதுக்குப் பின்னால ஒரு அட்டை இருக்கும். மாசாமாசம் அதை எடுத்து இங்கன வாசக்கல்லுல தட்டுவாக. அவுக படுத்ததுக்கப்புறம் யாரும் தட்டல."

பெட்டியைக் கழற்றி ஃபில்டரை உருவினேன். புளிய இலையும் பூவும் தூசியும் இறுகி, மெத்தை மாதிரி வந்தது. முன்கண்ணாடிக்குக் கீழே காற்று இழுக்கும் சல்லடையிலும் அதே குப்பை. அதைத் துடைத்துவிட்டு மறுபடி நாலில் வைத்தேன். உள்ளே மிச்சமிருந்த புளிய இலை முழுக்க, தலையை நீட்டி எட்டிப் பார்த்த வெள்ளைச் சட்டைமேல் போய் அப்பியது.

"என்னண்ணே, காத்து வருதா?" என்றது திரை.

"வருது தங்கச்சி. தம்பி சட்டையக் கேட்டுப் பாரு."

விலை குறைப்பது நம் பிழைப்பு. நானும் கூசாமல் குறைப்பவன். எதிரே நின்று பேசுகிறவனிடம் குறையுங்கள். வெளியே வர முடியாது என்று தெரிந்து, வாசலில் நின்றுகொண்டு ஒரு திரையைப் பார்த்துப் பொய் சொல்வது வியாபாரமா? ஜபருல்லாவை 'நேர்மையின் சிகரம்' என்று நீங்கள் இருவரும் மைக்கில் சொன்னீர்களே, அந்தச் சிகரத்தின் வண்டியிலேயே கையை வைத்தீர்களே. இந்த மலரில் அவர் படத்துக்குக் கீழே உங்கள் பெயர்கள் வரக்கூடாது. வந்தால் என் பெயரை எடுத்துவிடுங்கள்.

அவர்கள் போனபின் வண்டியை நானே கேட்டேன். தர்மத்துக்கு இல்லை, எனக்கும் லாபம் வேண்டும். மூன்றரை லட்சம் என்றேன். மூணேமுக்கால் என்றது திரை. மூன்று லட்சத்து எழுபதில் நின்றது. நான் சரி என்று சொன்ன பிறகு, திரை கொஞ்சம் அசைந்தது.

"அண்ணே, பின்பக்கம் இடது கதவு ஒருக்கா இடிச்சு பெயிண்ட் அடிச்சது. சொல்லாம வித்தா அவுக என்னைய மன்னிக்க மாட்டாக. அதுக்கு ஒரு அஞ்சைக் கழிச்சுக்கங்க."

கழித்துக்கொண்டேன். கழிக்காமல் விட்டிருந்தால் அது ஜபருல்லாவுக்கு அவமரியாதை. இனி என் கடையிலும் குறையை முதலில் சொல்லித்தான் விலை பேச்சு. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

முடிந்த விலை மூன்று லட்சத்து அறுபத்தைந்தாயிரம். முழுப் பணமும் அன்றைக்கே மகள் கணக்கில். புது ஃபில்டர் என் செலவு. இத்தா முடிந்து, அந்தம்மா கடைசியாக ஒருமுறை தன் வீட்டுக்காரர் வண்டியில் ஏறிக் கம்பம் வரை போய்வந்த பிறகுதான் சாவி என் கைக்கு வரும். அதுவரை வண்டி அங்கேயே நிற்கும், புளியமரத்துக்குக் கீழே மட்டும் கூடாது.