மொட்டைமாடியில் ஒரு கூப்பாடு

அந்த நீல நைலான் கொடி இன்னும் எங்கள் லாட்ஜின் மொட்டைமாடியில்தான் இருக்கிறது. கீழே துணி உலர்த்தும் மிஷின் வந்துவிட்டதால், இப்போது அதில் தரை துடைக்கும் துணிகள் மட்டுமே காய்கின்றன. முன்பு குற்றால சீசனில் அதே கொடியில் நாற்பது படுக்கை விரிப்புகளைக் காயப்போடுவோம். நானும், என் அண்ணனிடம் விவாகரத்து வாங்கிக்கொண்டு போன மதினியும்.

அவர் அங்கே வேலைக்கு வந்தபோது நான் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. தென்காசியிலிருந்து ஒரே பஸ்ஸில் வருவோம், அவர் முன்னால், நான் பின்னால். சண்டை போட்டிருந்தாலாவது பேச்சு இருந்திருக்கும். என் தொல்லை வேறு. அவரை எப்படிக் கூப்பிடுவது? மதினி என்றால் அம்மா என்னை வீட்டில் சேர்க்கமாட்டாள். அக்கா என்றால் பொய். மூத்தவரைப் பெயர் சொல்லவும் நாக்கு வராது. அதனால் வாளியைத் தட்டினேன், தொண்டையைச் செருமினேன். விரிப்பின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, முகம் பார்க்காமலே மடித்து முடிப்போம்.

ஒரு மத்தியானம் சிவகிரிக் கல்யாண கோஷ்டி ஒன்று அறைகளுக்காகக் காத்திருந்தது. நான் முற்றத்தில் நின்றேன். மேகம் மூடி மலை மறைந்தது. மலை மறைந்தால் ஐந்து நிமிடத்தில் சாரல். மாடியில் மலைக்கு முதுகு காட்டி நின்றவர் அதைப் பார்க்கவில்லை. ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் வாய் அப்படியே நின்றுவிட்டது. நான் படியேறி ஓடுவதற்குள் கொடியில் கிடந்த விரிப்புகள் அத்தனையும் நனைந்துபோயின.

மேனேஜர் அண்ணாச்சி குதித்தார். “வீட்டு வம்ப வீட்டுலயே வச்சிட்டு வாங்கன்னு எத்தன தடவ சொல்லுதேன்? இன்னொரு தடவ நனைஞ்சா ரெண்டு பேர்ல ஒரு ஆளுதான் இங்கன.”

புதிதாக வந்தவர்தான் போகவேண்டியிருக்கும். என் அண்ணன் மகளை அவர் அந்தச் சம்பளத்தில்தான் படிக்கவைத்துக்கொண்டிருந்தார். அது தெரிந்தும் என் மனசுக்குள் ஒரு குளிர்ச்சி. மறைப்பானேன்?

அவர் சொன்னார்: “அவ மேல தப்பு இல்ல அண்ணாச்சி. நான்தான் மலையப் பாக்கல.”

என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது.

மறுநாள் எல்லாவற்றையும் மறுபடி அலசிப் போட்டோம். பதினொரு மணிக்கு மலை மறைந்தது. கல்யாண வீட்டார் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, முற்றத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன்.

“மதினீ! சாரல் வருது, வெரசா எடுங்க!”

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பிறகு, “நின்னு பாக்கியே, மேல ஓடியாட்டி!” என்று ஒரு சத்தம்.

இரண்டிரண்டு படியாகத் தாவினேன். கடைசி விரிப்பு கைக்கு வந்தபோது முதல் தூறல் என் மூக்கில் விழுந்தது. நாற்பதில் ஒன்றுகூட நனையவில்லை! துணிக்குவியலில் சாய்ந்து மூச்சு வாங்கச் சிரித்தோம். குடையோடு மேலே வந்த அண்ணாச்சி எங்களைப் பார்த்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போனார். மதினியை அனுப்புகிற பேச்சு அதோடு முடிந்தது.

செய்தி எப்படியோ என் வீட்டுக்கும் போய்விட்டது. அம்மா ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. நான் அசரவில்லை. அண்ணனுக்கு முடிந்துபோன உறவு எனக்கும் ஏன் முடியவேண்டும்?

இன்று மதினிதான் லாட்ஜின் சூப்பர்வைசர். நேற்று அவர் மாடியில் நின்றபோது மலை மறைந்தது. பழக்க தோஷம், முற்றத்திலிருந்து கத்தினேன்.

“நாலு துடைக்கிற துணிக்காடீ இந்தக் கத்து கத்துத?” என்றார் மேலிருந்து.

“துணிக்கு யாரு கத்துதா? கூப்பிடணும்னு தோணுச்சு, கூப்பிட்டேன் மதினி.”