இரண்டு பொட்டலத்திலும் மல்லி

சாயங்காலம் ஐந்து இருபது. நேரம் எப்படி இவ்வளவு சரியாகத் தெரியும் என்றால், டூட்டி முடிந்து வந்த சட்டையோடு கோயிலில் நின்றுகொண்டு, எப்போதடா வீட்டுக்குப் போவோம் என்று அப்போதுதான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நான் தலை நிமிர்வதற்குள் என் மகள் பொட்டலத்தைப் பிரித்துவிட்டாள். உள்ளே சிவப்பு அரளி.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருங்கள், சொல்கிறேன். நீங்கள் நம்ப மாட்டீர்கள், அதில் எனக்கு வருத்தமும் இல்லை, வேறு யாராவது வந்து என்னிடம் இதைச் சொல்லியிருந்தால் நானும் உள்ளுக்குள் சிரித்திருப்பேன். பேய், பிசாசு, குறி, அருள்வாக்கு எதையும் நான் நம்பியதில்லை. கடவுள் உண்டா என்று யாராவது கேட்டால் தெரியாது என்பேன், அதற்கும் விடாவிட்டால் ஒரு டீ சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். மணலியில் ஒரு ஆலையில் வாயுக் கசிவைக் காட்டும் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. கருவி ஒரு எண்ணைக் காட்டினால் அதை உடனே நம்பாமல் முதலில் சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஜனனி எங்களுக்கு ஒரே பெண், காலேஜில் பிசிக்ஸ் படிக்கிறாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாள், கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் இதயத்தில் ஓட்டை, பிறவியிலிருந்தே இருக்கிறதாம். இப்போதே அடைத்துவிட்டால் பயமில்லை, தள்ளிப்போட்டால் நுரையீரல் கெட்டுவிடும் என்று டாக்டர் தேதியே கொடுத்துவிட்டார். என் மனைவி மகேஸ்வரிதான் முடியவே முடியாது என்றாள். அவள் தங்கை ஆபரேஷன் தியேட்டருக்குள் கையசைத்துவிட்டுப் போனவள், உயிரோடு திரும்பவில்லை. எவ்வளவு சொல்லியும் கேட்காமல் கடைசியில் ஒன்றுக்கு மட்டும் இறங்கி வந்தாள். எங்கள் தெரு முனை அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், அம்மன் காலடியில் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் ஆபரேஷன், சிவப்பு வந்தால் கிடையாது.

ஜனனி அன்றைக்கு என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"நைனா, கடவுள் இருக்காருனும் எந்த லேப்லயும் காட்ட முடியாது, இல்லன்னும் காட்ட முடியாது. அத வுடு. என் நெஞ்சுல கீற ஓட்டைய காசு சுண்டி முடிவு பண்ணுவீங்களா?"

"உங்கம்மா கிட்ட சொல்லேன்."

"சொன்னா அழுவுது. நீ ரெண்டுலயும் வெள்ளையே வெச்சுடு."

நான் யோசித்தேன். அவள் சிரித்தாள். "நீ மிஷினுக்கு சுத்தமான காத்த குடுத்து டெஸ்ட் பண்ணுவ இல்ல? அதே மாரிதான். அம்மனுக்கு சுத்தமான காத்து குடுக்கறோம்."

அது எங்கள் வேலையில் அரிச்சுவடி. சுத்தமான காற்றில் வைத்தால் கருவி வாயைத் திறக்கக் கூடாது. மகேஸ்வரி குளித்துவிட்டு வருவதற்குள் வாழையிலையில் இரண்டு பொட்டலம் கட்டினேன். இரண்டிலும் மல்லி. அவள் வாங்கி வைத்திருந்த அரளியைக் குப்பைக் கூடையில் போட்டு மேலே வெங்காயத் தோலை மூடினோம். நாருக்குப் பதிலாக என் வேலைப் பையிலிருந்த மெல்லிய செம்புக் கம்பியால் கட்டினேன். கருவியைச் சரிபார்த்து முடித்ததும் யாரும் திறக்காமல் இருக்க மூடியில் முறுக்கிவிடுகிற கம்பி அது. நான் இடது கைக்காரன், என் முறுக்கு எதிர்ப்பக்கமாகப் போகும், ஆலையில் யார் பார்த்தாலும் இது நான் கட்டியது என்று சொல்லிவிடுவார்கள். கம்பி எதற்கு என்று மகேஸ்வரி கேட்டாள். நார் அறுந்துபோகிறது என்றேன்.

கோயில் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் ரோட்டில் நிற்க வேண்டும். அந்த ரோட்டில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். பூசாரி துலுக்காணம், முன்பு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவர்தான் பொட்டலங்களை வாங்கி அம்மன் காலடியில் வைத்தார். கற்பூரம் காட்டிவிட்டு, "கண்ண மூடிகினு ஒண்ண எடும்மா" என்றார்.

சரியாக அந்த நேரம் பின்னால் ஒரு சத்தம். ஒரு லாரி ஒதுங்கப் பார்த்து, கண்ணாடி கோயில் வாசல் கம்பத்தில் இடித்துவிட்டது. துலுக்காணம் தட்டை வைத்துவிட்டு, "டேய் பேமானி, கோயிலு கண்ணுக்கு தெர்ல?" என்று கத்திக்கொண்டே ரோட்டுக்கு ஓடினார். நாங்களும் திரும்பிப் பார்த்தோம். கழுத்தைத் திருப்பி மறுபடி இந்தப் பக்கம் கொண்டுவருகிற நேரம், அவ்வளவுதான். ஜனனி கையில் ஒரு பொட்டலம் இருந்தது, காலடியில் ஒன்று இருந்தது, நான் பார்த்தேன். என் கம்பி, என் முறுக்கு. அவள் அவிழ்த்தாள்.

மகேஸ்வரி ஜனனியின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். பூசாரியிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவர் இன்னும் லாரிக்காரனோடு சண்டையில் இருந்தார்.

வீட்டில் ஜனனி உண்மையை உடைத்துவிட்டாள். "யம்மா, இது செல்லாது. நாங்க ரெண்டுலயும் மல்லிதான் வெச்சோம். எவனோ மாத்திட்டான்." இதைச் சொன்னால் அம்மா திட்டுவாள், அழுவாள், ஆனால் அந்தச் சிவப்பை விட்டுவிடுவாள் என்று அவள் கணக்கு. என் கணக்கும் அதுதான்.

மகேஸ்வரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டும் வெள்ளையா?" என்றாள். "ரெண்டும் வெள்ளையா வெச்சும் செவப்பு வந்துதுன்னா, அதுக்கு மேல இன்னாடி வேணும் ஒனக்கு? ஒழுங்கா வெச்சிருந்தா கூட ஏதோ கைக்கு வந்துதுன்னு மனச தேத்திக்குவேன். இனிமே எப்டி வுடுவேன்?"



அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. நான் குப்பைக் கூடையைத் தரையில் கவிழ்த்தேன். நாங்கள் போட்ட அரளி வெங்காயத் தோலோடு அப்படியே வாடிக் கிடந்தது. பொட்டலத்திலிருந்த அரளியோ அப்போது பறித்தது போல இருந்தது. மகேஸ்வரியைச் சந்தேகப்பட்டேன், குளியலறைக் கதவு இடுக்கில் பார்த்திருப்பாளோ என்று. அவளோ, "நான் மாத்தறதா இருந்தா எதுக்குய்யா அம்மன் கிட்ட வந்து பயந்துகினு நிக்கறேன்?" என்றாள். பிறகு ஜனனியையே சந்தேகப்பட்டேன். வெளியே எவ்வளவு தைரியமாகப் பேசினாலும் சின்னப் பெண், உள்ளுக்குள் ஆபரேஷனுக்குப் பயந்து, லாரிச் சத்தத்தில் நாங்கள் திரும்பிய நேரத்தில் அவளே மாற்றியிருந்தால்? அவள் பையை எடுத்துப் பார்த்தேன். அவள் தடுக்கவில்லை. "பாரு நைனா, நல்லா பாரு. பொட்டலம் கட்னது நீ. கம்பி உன்னுது. நான் உன்ன கேக்கட்டா?" என்றாள். கடவுள் இருக்கிறார் என்று ஒத்துக்கொள்வது கூட அன்றைக்குச் சுலபமாக இருந்தது. என் பெண் என்னை ஏமாற்றியிருப்பாள் என்று நினைப்பதுதான் முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. சுத்தமான காற்றில் கருவி அலறினால் கருவியில் கோளாறு என்று ஜனனி நினைத்தாள். படிப்பில் அது சரி. ஆலையில் எங்களுக்கு வேறு மாதிரி சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்: அலறினால் முதலில் ஆட்களை வெளியே அனுப்பு, கருவியைப் பிறகு சந்தேகப்படு. காற்று சுத்தம் என்று நீதானே நினைத்துக்கொண்டிருக்கிறாய், அது தப்பாக இருந்தால்? இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குள் நான் டாக்டருக்குப் போன் செய்து தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லலாம் என்ற இடத்துக்கு வந்துவிட்டேன். போனைக் கையில் எடுத்தும்விட்டேன்.

"நீயுமா நைனா?" என்றாள் ஜனனி. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

ஆபரேஷன் நடந்தது. டாக்டர் கொடுத்த அதே தேதியில்தான் நடந்தது, ஜனனி இப்போது நாலு மாடி ஏறிவிட்டு மேலேயிருந்து என்னைக் கேலி செய்கிறாள். ஆனால் எங்களில் யாரும் தெளிந்து அது நடக்கவில்லை. நான் எண்ணை அழுத்தப் போன நேரத்தில் கதவைத் தட்டிய ஆளால் நடந்தது. அந்த ஆளையும் நான் சந்தேகப்பட்டுவிட்டேன், பல தடவை. ஒரு நாள் அவர் இல்லாத நேரம் கோயிலுக்குள் போய் செம்புக் கம்பி ஏதாவது கிடக்கிறதா என்று விளக்குக்குப் பின்னால் வரை தேடினேன். ஒன்றுமில்லை. என் சுருளில் அன்றைக்கு வெட்டியது இரண்டு துண்டு. ஜனனி பிரித்த பொட்டலத்தின் கம்பியை நான் வைத்திருக்கிறேன், ஆலையில் நண்பர்களிடம் ஒன்றும் சொல்லாமல் காட்டினேன். "உன் முறுக்குதானே, எதுக்குக் கேக்கற?" என்றார்கள்.

அன்றிரவு போனைக் கையில் வைத்துக்கொண்டே கதவைத் திறந்தேன். துலுக்காணம் நின்றிருந்தார், கோயிலைச் சாத்திவிட்டு நேராக வந்திருக்கிறார், தோளில் துண்டு, மேலெல்லாம் லாரிப் புழுதி. சிவப்பு வந்தது அவருக்குத் தெரியாது, நாங்கள் சொல்லவே இல்லையே. உள்ளங்கையை விரித்து நீட்டினார். இரண்டு பொட்டலம். இரண்டும் பிரிக்காதது, இரண்டிலும் என் கம்பி, எதிர்ப்பக்கமாக முறுக்கியது. பின்னால் பிரித்துப் பார்த்தோம், இரண்டிலும் மல்லிதான், அதைப் பார்த்துத்தான் மகேஸ்வரி ஆபரேஷனுக்குச் சம்மதித்தாள். ஆனால் அந்த நிமிஷம் நாங்கள் மூன்று பேரும் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் எங்களைப் பார்த்து, கொஞ்சம் கோபமாகவே சொன்னார்:

"இன்னா சார், கேக்க வந்துட்டு எடுக்காமலே பூட்டீங்க? அந்த லாரிக்காரன துரத்திட்டு வந்து பாத்தா ஒருத்தரும் இல்ல, ரெண்டு பொட்டலமும் நான் வெச்சது வெச்ச மாரியே அம்மா கால்ல கீது. புள்ள விசயம் ஆச்சே, வா பாப்பா, இப்பவாவது ஒண்ண எடு."